குடிநீர்ச் சுரங்க வேலையில் பணமும் நாளும் கைமீறாமல் பார்த்துக்கொள்வது எப்படி

ஒரு சுரங்க வேலையின் பட்ஜெட் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் நான் முதலில் கேட்பது நேற்று இரவு ஷிப்ட் ரிப்போர்ட்டைத்தான். எத்தனை மீட்டர் போனது, எத்தனை மணி நேரம் மெஷின் நின்றது, ஏன் நின்றது. இந்த மூன்றும் தெரிந்தால் அடுத்த ஆறு மாதத்தில் பணம் எங்கே போய் நிற்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். மாத பில் கைக்கு வரும்போது அதில் இருப்பது பழைய கதை.

சுரங்கத்தில் மெஷின் ஓடினாலும் நின்றாலும் செலவு நிற்பதில்லை. காற்றோட்ட விசிறி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், பம்ப் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி) மேலே கிரேன் ஆபரேட்டர், கீழே எலக்ட்ரீஷியன், மெக்கானிக், தயார் நிலையில் மீட்புக் குழு, ஆபீஸ், வாடகை, வட்டி. அன்றைக்கு 25 மீட்டர் தோண்டினாலும் ஒரு மீட்டர்கூடத் தோண்டாவிட்டாலும் இந்தச் செலவு ஏறக்குறைய அதேதான். அதனால் எஸ்டிமேட் போடும்போதே "ஒரு மீட்டருக்கு எவ்வளவு" என்பதையும் "ஒரு நாளுக்கு எவ்வளவு" என்பதையும் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள். மீட்டருக்கான செலவில் வெடிமருந்து, கட்டர் (மெஷினின் வெட்டும் பற்கள்), கான்கிரீட், ராக் போல்ட் (பாறையைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கம்பி) எல்லாம் வரும், அது வேலை நடந்தால்தான் போகும். நாளுக்கான செலவு தூங்கினாலும் போகும். இந்த இரண்டாவது எண் ஒரு சின்னத் தாளில் எழுதி உங்கள் மேஜை மேல் ஒட்டப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் இனிமேல் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் அதை வைத்துத்தான் அளக்கப்போகிறீர்கள்.

வேகக் கணக்கை எப்படிப் போடுவது

மெஷின் விற்பவர் சொல்லும் வேகத்தை அப்படியே அட்டவணையில் போட்டுவிடுவது எல்லோரும் செய்கிற முதல் தவறு. டி.பி.எம். (பாறையை வெட்டிக்கொண்டே முன்னேறும் சுரங்கம் தோண்டும் மெஷின்) பாறைக்குள் போகும் வேகம் ஒன்று, ஒரு நாளில் உண்மையில் எவ்வளவு நேரம் அது பாறையை வெட்டிக்கொண்டிருக்கிறது என்பது வேறு. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் உங்கள் வேகம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 8 கிலோமீட்டர் சுரங்கம், தோண்டும் விட்டம் 4 மீட்டர், ஓரளவு நல்ல பாறை, மெஷின் மணிக்கு 2.5 மீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்தில் 35 சதவீதம் வெட்டினால் 8.4 மணி நேரம், அதாவது நாளுக்கு 21 மீட்டர், மொத்தம் 381 நாள். அதே மெஷின், அதே பாறை, வெட்டும் நேரம் மட்டும் 25 சதவீதமாகக் குறைந்தால் நாளுக்கு 15 மீட்டர், மொத்தம் 533 நாள். வித்தியாசம் 152 நாள், ஐந்து மாதம். பாறை எதையும் மாற்றிக்கொள்ளவில்லை, மெஷின் பழுதாகவில்லை, பத்து சதவீதம் நேரம் எங்கோ கசிந்தது, அவ்வளவுதான். உங்கள் நாள் செலவை 152-ஆல் பெருக்கிப் பாருங்கள். எந்த விலை பேரத்திலும் இவ்வளவு மிச்சம் பிடிக்க முடியாது.

அப்புறம், முதல் 300 மீட்டருக்கு இந்தக் கணக்கே செல்லாது. பின்னால் இழுத்துவரும் வண்டிகள் எல்லாம் முழுசாக உள்ளே போயிருக்காது, ஆட்கள் மெஷினைப் பழகிக்கொண்டிருப்பார்கள், சின்னச் சின்னக் கோளாறுகள் வந்துகொண்டே இருக்கும். அந்தத் துண்டுக்கு மட்டும் பாதி வேகம் போடுங்கள். இல்லையென்றால் வேலை தொடங்கிய மூன்றாவது மாதமே "பின்தங்கிவிட்டோம்" என்று அறிக்கை எழுத வேண்டிவரும், அந்த அறிக்கையைப் பார்த்து மேலே இருப்பவர்கள் பதறி அவசரப்படுத்துவார்கள், அவசரத்தில் ஏதாவது உடையும்.

வெடி வைத்துத் தோண்டும் வேலையில் கணக்கு வேறு மாதிரி. துளையிடுவது, மருந்து நிரப்புவது, வெடிப்பது, புகை வெளியேறக் காத்திருப்பது, தொங்கும் கற்களைத் தட்டி எடுப்பது, கழிவை அள்ளுவது, போல்ட்டும் ஷாட்கிரீட்டும் (பாறை மேல் பீய்ச்சி ஒட்டும் கான்கிரீட்) போடுவது, இப்படி ஒரு சுற்று. சுற்றுக்கு எத்தனை மணி, சுற்றுக்கு எத்தனை மீட்டர் என்று பாறை வகை வாரியாகப் பிரித்துப் போடுங்கள். மோசமான பாறையில் சுற்றின் நீளமும் குறையும், ஆதரவு போடும் நேரமும் கூடும். இரண்டு பக்கமும் அடி விழும். சராசரி போட்டால் இது தெரியாது.

நிலத்தைத் தெரிந்துகொள்ள செலவு செய்யுங்கள்

இதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள் என்று கெஞ்சியே கேட்பேன். 1984-ல் அமெரிக்காவின் தேசிய சுரங்கத் தொழில்நுட்பக் குழு பல சுரங்க வேலைகளை ஆராய்ந்து, திட்டச் செலவில் சுமார் 3 சதவீதத்தை நில ஆய்வுக்கு ஒதுக்க வேண்டும், சுரங்கத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒன்றரை மீட்டர் அளவுக்குத் துளையிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. இதைக் காட்டினால் பல இடங்களில் "அவ்வளவா?" என்கிறார்கள். தெரியாத பாறைக்குள் போய் நின்ற ஒரு மாதத்தின் செலவோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள், பேச்சு அடங்கும்.

லாஸ் வேகாஸ் நகருக்காக மீட் ஏரியின் அடியில் மூன்றாவது நீர் உள்வாங்கும் சுரங்கம் தோண்டினார்கள். 2010-ல் மெஷினை இறக்குவதற்காகத் தோண்டிக்கொண்டிருந்த தொடக்கச் சுரங்கத்தில் பாறைப் பிளவு வழியாகத் தண்ணீரும் இடிபாடும் உள்ளே புகுந்து மூழ்கடித்தது. மீட்க முயன்று பார்த்து, கடைசியில் அந்தத் துண்டைக் கைவிட்டு வேறு திசையில் புதிதாகத் தோண்டினார்கள். 2015-ல்தான் சுரங்கம் பயன்பாட்டுக்கு வந்தது. பெரிய மெஷின் ஒரு மீட்டர்கூட வெட்டாத கட்டத்திலேயே இப்படி நடக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆய்வு முடிந்ததும், தெரிந்ததை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவர வேண்டும். இதற்குத்தான் ஜியோடெக்னிக்கல் பேஸ்லைன் ரிப்போர்ட் என்று ஒன்று எழுதுகிறார்கள். இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை இந்த வகைப் பாறை, இவ்வளவு தண்ணீர் வரும் என்று எண்ணோடு எழுதி, அதுவரை காண்ட்ராக்டர் பொறுப்பு, அதைத் தாண்டினால் மாநகராட்சி பொறுப்பு என்று கோடு போடுவது. "தண்ணீர் வரக்கூடும்" என்று எழுதினால் அது எதற்கும் உதவாது. "முகப்பில் (தோண்டும் முனையில்) நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் வரை" என்று எழுதினால்தான் பின்னால் சண்டை வராது, வந்தாலும் சீக்கிரம் முடியும். எல்லா ஆபத்தையும் காண்ட்ராக்டர் தலையில் கட்டிவிட்டால் மலிவாக முடியும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர் அதை விலையில் ஏற்றிவிடுவார், ஏற்றாதவர் பாதியில் திணறி நிற்பார், இரண்டிலும் பணம் உங்களுடையதுதான். 2019-ல் ஃபிடிக் என்ற சர்வதேச ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பும் சர்வதேச சுரங்கச் சங்கமும் சேர்ந்து நிலத்தடி வேலைக்கென்றே ஓர் ஒப்பந்த மாதிரியை வெளியிட்டன. அதில் பாறையின் வகை மாறினால் விலையோடு சேர்த்து வேலைக்கான நாளும் கூடவோ குறையவோ செய்யும். அதை அப்படியே எடுக்காவிட்டாலும், நாளையும் அளந்து சரிசெய்யும் அந்த யோசனையை உங்கள் டெண்டரில் சேருங்கள்.

இதோடு, சில வேலைகளுக்கு முன்கூட்டியே ரேட் வாங்கி வைத்துக்கொள்வது ரொம்ப முக்கியம். மெஷினுக்கு முன்னால் இருக்கும் பாறையைத் துளையிட்டுப் பார்க்கும் மணி நேரத்துக்கு எவ்வளவு, க்ரவுட்டிங்குக்கு (விரிசலில் சிமெண்ட் குழம்பை ஏற்றி அடைப்பது) ஒரு மூட்டை சிமெண்டுக்கு எவ்வளவு, மெஷின் நிற்கும் மணி நேரத்துக்கு எவ்வளவு. டெண்டர் நேரத்தில் போட்டி இருக்கும், நியாயமான விலை கிடைக்கும். சுரங்கத்தின் நடுவில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டால் என்ன விலை சொல்வார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அட்டவணையில் மறைந்திருக்கும் இடங்கள்

சுரங்கத்துக்கு வழக்கமான பார் சார்ட் போதாது. ஒரு பக்கம் செயினேஜ் (தொடக்கத்திலிருந்து எத்தனையாவது மீட்டர்), ஒரு பக்கம் தேதி என்று வைத்து, தோண்டுவது ஒரு சாய்கோடு, லைனிங் (சுரங்கத்தின் உட்சுவரில் கான்கிரீட் வார்ப்பது) ஒரு சாய்கோடு என்று வரையுங்கள். இரண்டு கோடும் எங்கே நெருங்குகிறது, எங்கே முட்டுகிறது என்று ஒரே பார்வையில் தெரியும். சைட் ஆபீஸ் சுவரில் பெரிதாக ஒட்டி, நடந்ததை தினமும் சிவப்புப் பேனாவால் வரையச் சொல்லுங்கள். மென்பொருள் இருக்கட்டும், சுவரில் இருப்பதைத்தான் ஃபோர்மேன் பார்ப்பார்.

லைனிங் கணக்கைப் பார்த்து நான் முதல் தடவை அதிர்ந்துபோனேன். அதே 8 கிலோமீட்டருக்கு, 12 மீட்டர் ஷட்டரிங் வைத்து நாளுக்கு ஒரு வார்ப்பு என்றால் 667 வார்ப்பு, 667 நாள். தோண்டுவதற்கே 381 நாள்தான்! எல்லோரும் மெஷினையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், கடைசி தேதியைத் தீர்மானிப்பது ஷட்டரிங்காக இருக்கும். இரண்டு செட் ஷட்டரிங் வாங்குவதா, நடுவில் ஒரு ஷாஃப்ட் வழியாக இரண்டு பக்கமும் போவதா, செக்மென்ட் (முன்பே வார்த்த கான்கிரீட் துண்டுகள்) போட்டுக்கொண்டே போகும் மெஷினா என்பதை டிசைன் கட்டத்திலேயே நாள் செலவோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

மெஷின் வருவதற்கு முன்னால் மின்சாரம் வர வேண்டும். டி.பி.எம்.முக்கு உயரழுத்த இணைப்பு தேவை, அதற்குத் தனி லைன், தனி டிரான்ஸ்ஃபார்மர், தனி விண்ணப்பம். மெஷின் தயாராகி வர ஒரு வருடம் போல ஆகும், நேரம் இருக்கிறது என்று இந்த விண்ணப்பத்தைத் தள்ளிப்போட்டு, மெஷின் வந்து ஷாஃப்ட் பக்கத்தில் தார்ப்பாய் மூடிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வெட்டி எடுத்த கல்லும் அப்படித்தான். நம் உதாரணத்தில் பாறையாக இருக்கும்போது சுமார் 1 லட்சம் கன மீட்டர். உடைந்து வெளியே வரும்போது அது பருத்து ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகும், 1.6 என்று வைத்தால் 1,60,000 கன மீட்டர், 12 கன மீட்டர் லாரியில் 13,000 நடைக்கும் மேல். நாளுக்கு 21 மீட்டர் போகும்போது தினமும் 35 லாரி. பகலில் மட்டும்தான் லாரி ஓடலாம் என்று அனுமதி இருந்தால் இரவு முழுவதும் வரும் கல்லைக் கொட்டிவைக்க ஷாஃப்ட் மேலே இடம் வேண்டும். இடம் நிரம்பினால் மெஷின் நிற்கும். லாரி அனுமதியில் இருக்கும் ஒரு வரி சுரங்கத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும்.

தினமும், வாரமும் என்ன பார்ப்பது

ஷிப்ட் ரிப்போர்ட்டில் 24 மணி நேரமும் காரணத்தோடு கணக்கில் வர வேண்டும். வெட்டியது, ஆதரவு போட்டது, கட்டர் மாற்றியது, வண்டிக்குக் காத்திருந்தது, தண்ணீர், மின்தடை, சர்வே, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. "இதர" என்ற குறியீடே வைக்காதீர்கள், எல்லாம் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஷிப்ட் முடிந்ததும் காண்ட்ராக்டர் தரப்பும் உங்கள் தரப்பும் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும். காரணத்தில் ஒத்துப்போகாவிட்டால் அதையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடலாம், எத்தனை மணி நேரம் என்பதிலாவது ஒத்துப்போயிருப்பார்கள்.

ஒரு வேலையில் ஆறு வாரமாக வேகம் மெதுவாகக் குறைந்துகொண்டே வந்தது. கூட்டத்தில் எல்லோரும் பாறை கடினமாகிவிட்டது என்றார்கள். நான் ரிப்போர்ட்டுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். மணிக்கு எவ்வளவு வெட்டுகிறது என்ற வேகம் மாறவே இல்லை. ஒவ்வொரு ஷிப்டிலும் "வண்டிக்குக் காத்திருப்பு" மட்டும் 40 நிமிடம், 55 நிமிடம், 70 நிமிடம் என்று ஏறியிருந்தது. சுரங்கம் நீளமாகிவிட்டது, அவ்வளவுதான். 6 கிலோமீட்டர் உள்ளே போய்விட்டால் மணிக்கு 10 கிலோமீட்டர் ஓடும் லோகோ (கல் வண்டிகளை இழுக்கும் எஞ்சின்) ஒரு வழிக்கே 36 நிமிடம் எடுக்கும், போய்வர 72, கொட்ட ஒரு 20. மெஷின் ஒரு தள்ளலில் 1.5 மீட்டர் வெட்டி முடிக்க 36 நிமிடம்தான். உள்ளே வண்டிகள் ஒன்றையொன்று கடந்துபோக ஒரு மாற்றுப்பாதையும் கூடுதலாக ஒரு வண்டியும் போட்டதும் காத்திருப்பு இறங்கிவிட்டது. இதை அட்டவணை போடும்போதே, எந்தச் செயினேஜில் எத்தனை வண்டி என்று எழுதியிருக்கலாம். நீங்கள் எழுதுங்கள்.

வாரம் ஒரு தடவை முடிவுத் தேதியைப் புதிதாகக் கணக்கிடுங்கள்: மீதி மீட்டரை கடந்த நான்கு வாரத்தின் நாள் சராசரியால் வகுத்தால் போதும். அந்தத் தேதி ஒப்பந்தத் தேதியைத் தாண்டினால், தாண்டும் நாளை நாள் செலவால் பெருக்கி அறிக்கையின் முதல் பக்கத்தில் போடுங்கள். பில் கொடுத்த சதவீதத்தை முன்னேற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மெஷின், ஷாஃப்ட், தளவாடம் எல்லாவற்றுக்கும் ஆரம்பத்திலேயே பெரும் தொகை போயிருக்கும், முப்பது சதவீதம் பணம் போயும் ஒரு மீட்டர்கூடத் தோண்டாத நிலை சுரங்கத்தில் சகஜம்.

கையிருப்புத் தொகை

எதிர்பாராத செலவுக்கு என்று ஒதுக்கும் தொகையை மொத்தமாக ஒரு சதவீதமாக வைக்காமல் செயினேஜோடு கட்டிவையுங்கள். 2,000 முதல் 2,400 மீட்டர் வரை பிளவு இருக்கலாம் என்றால் கையிருப்பின் பெரும்பங்கு அந்த 400 மீட்டருக்கு. அதைத் தாண்டும் வரை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அழகுபடுத்த, மேலே ரோடு போட, ஆபீஸ் விரிவாக்க என்று ஆயிரம் பேர் கேட்பார்கள். பணம் சும்மா கிடப்பது போலத்தான் தெரியும். பிளவைப் பிரச்சினை இல்லாமல் தாண்டிவிட்டால் அன்றைக்கே உட்கார்ந்து அந்தப் பங்கை விடுவிப்பதா, அடுத்த ஆபத்துக்கு மாற்றுவதா என்று எழுத்தில் முடிவு செய்யுங்கள். நாளிலும் இப்படி ஒரு கையிருப்பு வேண்டும், அதை அட்டவணையின் ஒவ்வொரு வேலைக்குள்ளும் ஒளித்துவைக்காமல் வெளிப்படையாகத் தனி வரியில் வையுங்கள்.

பிளவுக்கு அருகில் போகும்போது முன்னால் துளையிட்டுப் பார்ப்பதை வேகத்துக்காக யாரும் தவிர்க்க அனுமதிக்காதீர்கள். அதற்கு ஆகும் சில மணி நேரம் அட்டவணையிலேயே இருக்கட்டும். பணத்தைவிட முதலில் உள்ளே நிற்கும் ஆட்களின் உயிர் அதில் இருக்கிறது.

கிளைம் (காண்ட்ராக்டர் கூடுதல் பணமோ நாளோ கேட்பது) விஷயத்தில் ஒன்று மட்டும். ஃபிடிக் வகை ஒப்பந்தங்களில் சம்பவம் தெரிந்த 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் கோபப்படாதீர்கள், அது சீக்கிரம் வருவது உங்களுக்கே நல்லது. முகப்பின் புகைப்படம், பாறை வரைபடம், தண்ணீரின் அளவு எல்லாம் புதிதாக இருக்கும்போதே பேசி முடிக்கலாம். இரண்டு வருடம் கழித்து லைனிங்குக்குப் பின்னால் மறைந்துபோன பாறையைப் பற்றி வாதாடுவது கொடுமை.

நகராட்சிப் பணம் ஆண்டு வாரியாக வருவதையும் மறக்க வேண்டாம். நியூயார்க்கின் மூன்றாம் குடிநீர்ச் சுரங்கம் 1970-ல் தொடங்கியது. அந்தப் பத்தாண்டில் நகரத்தின் நிதி நெருக்கடியில் வேலை நின்றுபோனது, முதல் கட்டம் தண்ணீர் கொண்டுவந்தது 1998-ல். உங்கள் சுரங்கம் அடுத்த ஆண்டு எந்த மாதத்தில் எவ்வளவு பணம் கேட்கும் என்பதை நிதிப் பிரிவுக்கு இப்போதே கொடுங்கள், வேகமாகப் போனால் கூடுதலாகக் கேட்கும் என்பதையும் சேர்த்து.

தோண்டி முடித்த பிறகு

குடிநீர்ச் சுரங்கம் மற்ற சுரங்கங்களிலிருந்து மாறுபடுவது இங்கேதான். சுத்தம் செய்து, நிரப்பி, அழுத்தம் பார்த்து, குளோரின் போட்டு, மாதிரி எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் பழைய குழாயோடு இணைக்க வேண்டும். லைனிங் முடிந்து 3.2 மீட்டர் விட்டம் என்றால் 8 கிலோமீட்டரை நிரப்ப 64,000 கன மீட்டர், அதாவது 6.4 கோடி லிட்டர் தண்ணீர். ஊருக்குக் கொடுப்பது போக நாளுக்கு 5,000 கன மீட்டர்தான் மிச்சம் என்றால் நிரப்பவே 13 நாள். கழுவிய தண்ணீரைக் குளோரின் நீக்காமல் ஆற்றில் விட முடியாது, அதை எங்கே விடுவது, மாதிரி சரியில்லை என்றால் மறுபடி நிரப்ப எத்தனை நாள் என்பதெல்லாம் அட்டவணையில் இருக்க வேண்டும்.

இணைப்புக்கு ஊரின் தண்ணீரை நிறுத்த வேண்டும், தேவை குறைவாக இருக்கும் மாதங்களில்தான் அது முடியும். நியூயார்க்குக்கு ஏறக்குறைய பாதித் தண்ணீரைத் தரும் டெலாவேர் நீர்வழியில் கசிவு இருந்ததால், ஹட்சன் ஆற்றுக்கு அடியில் 4 கிலோமீட்டர் மாற்றுச் சுரங்கம் தோண்டினார்கள். மெஷின் தோண்டி முடித்தது 2019 ஆகஸ்டில். இணைப்புக்காகப் பழைய நீர்வழியை 2024 இலையுதிர் காலத்தில் மூடினார்கள், அதே நவம்பரில் வறட்சி வந்து வேலையை ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. ஆகவே அட்டவணையை இந்த நிறுத்த மாதத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். மூன்று வாரம் தாமதமாகி அந்த மாதத்தைத் தவறவிட்டால் இழப்பு மூன்று வாரம் இல்லை, அடுத்த பருவம் வரை முழுசாக.

அப்புறம், அந்தப் பழைய வால்வுகளை இரண்டு வருடம் முன்பே போய் ஒரு தடவை மூடிப் பாருங்கள். பல ஆண்டுகளாக யாரும் தொடாத வால்வு முழுசாக மூடாது, மூடினால் திறக்காது, அதற்கு மாற்று வால்வு செய்து வர மாதக்கணக்கில் ஆகும். அந்த ஆர்டரை மெஷின் இன்னும் பாறைக்குள் இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.